அபிநயாவுக்கு அடுத்த பேப்பர்

விஜயலட்சுமி மேடம் திருத்திய பேப்பருக்கு மறுபேச்சே கிடையாது. கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் வழியில் இருக்கும் அந்த பார்மசி கல்லூரியில் இது எல்லாருக்கும் தெரியும். மற்ற ஆசிரியர்களிடம் போய் "ரெண்டு மார்க் போடுங்க மேம்" என்று கெஞ்சுகிற பிள்ளைகள் இவர் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். கரும்புக் குத்தகைக்காரர் ராஜாங்கத்தின் மகள் அவர். எடை போடுகிற இடத்தில் அப்பா ஏமாந்து திரும்பியதைப் பார்த்து வளர்ந்தவர். யாருக்கு எவ்வளவோ அவ்வளவைச் சரியாகக் கொடுத்துவிட வேண்டும் என்பதில் அப்படி ஒரு பிடிவாதம். அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கும் ஏறித்தான் இருந்தது, இல்லை என்று சொல்வானேன்.

ஆகவே, பார்மசி ஆசிரியர்களுக்குக் கற்பிப்பதிலும் மதிப்பிடுவதிலும் விழுப்புரத்தில் ஐந்து நாள் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இத்தன வருசமா திருத்திக்கினு இருக்கேன், எனக்கே சொல்லித் தர்றாங்களாம்" என்று கணவர் தமிழரசனிடம் பொரிந்தார்.

"போயிட்டு வாயேன். மத்தியானம் நல்ல சாப்பாடு போடுவாங்க" என்றார் அவர்.

கடைசியாக நடத்திய உள்தேர்வின் விடைத்தாள்களை, திருத்துவதற்கு முன்பே நகல் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பயிற்சியின் மூன்றாம் நாள், அந்த நகல்களில் கொஞ்சத்தைக் கலைத்து, பெயரையும் பதிவு எண்ணையும் மறைத்து, அவரவர் கையில் கொடுத்தார் பயிற்சியாளர் வெங்கடேசன். ஓய்வுபெற்ற பேராசிரியர், குரலை உயர்த்தாத மனிதர். மறுபடி திருத்துங்கள் என்றார்.

"எத்தன தடவ திருத்துனாலும் எனக்கு அதே மார்க்தான் சார் வரும்" என்றார் மேடம், பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி.

தேர்வு முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. யாருக்கு என்ன போட்டோம் என்பது அவருக்கு நினைவில்லை. திருத்தி முடித்து, வெங்கடேசன் தாள் வாரியாகக் கொடுத்த பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டபோது ஒரு தாளில் கண் நின்றது. அன்றைக்கு முப்பத்தாறு, இன்றைக்கு நாற்பத்தைந்து. நாற்பது எடுத்தால்தான் பாஸ். மறைத்த இடத்தைத் தூக்கிப் பார்த்தார். அஜித் என்று இருந்தது.

அஜித் வெள்ளிமலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பையன். ஃபெயில் என்று பலகையில் ஒட்டிய மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. இன்னும் இரண்டு வாரம் வராவிட்டால் வருகை நாள் குறைந்து ஆண்டுத் தேர்வே எழுத முடியாது.

இன்சுலினை எப்படி வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு, ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமான மண்பானைக்குள் வைக்கச் சொல்ல வேண்டும் என்று தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். அன்றைக்கு அதைச் சிவப்பு மையால் அடித்த அதே கை, இன்றைக்கு டிக் போட்டிருந்தது.

வெங்கடேசன் இரண்டு மதிப்பெண்ணையும் பார்த்தார். "அன்னிக்கு இதுக்கு முந்தி யாரோட பேப்பரத் திருத்துனீங்க?"

"பதிவு எண் வரிசைல சார். இவனுக்கு முந்தி அபிநயா. கிளாஸ் ஃபர்ஸ்ட். புஸ்தகத்துல இருக்கிறத அப்படியே எழுதும்."

"லட்டு தின்ன வாய்க்கு டீ சப்புன்னுதாம்மா இருக்கும். டீயில சக்கர கம்மின்னு மாஸ்டரத் திட்டக் கூடாது" என்றார் அவர். பிறகு பலகைக்குத் திரும்பி, தாள்களைக் கலைத்துக்கொள்ளுங்கள், எந்த விடைக்கு எவ்வளவு என்று முதலில் முடிவு செய்யுங்கள், ஒரு கேள்வியை எல்லாத் தாளிலும் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள் என்று எல்லாருக்குமாகச் சொன்னார்.

மிச்ச இரண்டு நாளும் மேடத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதிவு எண் ஆங்கில எழுத்து வரிசைப்படி கொடுப்பது. அபிநயா முதல், அஜித் இரண்டாவது. அவன் எது எழுதினாலும் லட்டுக்குப் பிறகு வந்த டீதான். வீட்டுக்கு வந்தும் தோசையைக் கருக விட்டார், குக்கரில் தண்ணீர் ஊற்ற மறந்தார்.

"இன்னாத்துக்கு இப்படி அலஞ்சுக்கினு இருக்க? செத்த உக்காரு" என்றார் தமிழரசன்.

"எப்படிங்க உக்கார்றது? ஒரு புள்ளயோட வருசமே போவுது."

பயிற்சி முடிந்ததும் கல்லூரி முதல்வர் ஆரோக்கியதாஸிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவர் நல்லவர், ஆனால் வம்பென்றால் நடுங்குவார். "அந்தப் பையனுக்கு மட்டும் ஏத்திப் போட்டுருங்க மேடம். தேன்கூட்டுல கல்ல வுடாதீங்க."

"ஒருத்தனுக்கு மட்டும் ஏத்துனா அது தருமம் சார், மார்க் இல்ல. எல்லாத்தையும் திரும்பத் திருத்துறேன்."

"முன்ன போட்டது தப்புன்னு கைப்பட எழுதித் தருவீங்களா?"

கேட்டால் பின்வாங்கிவிடுவார் என்று நினைத்தார் பாவம். மேடம் நின்றபடியே எழுதிக் கொடுத்தார்.

மொத்தக் கட்டையும் சீட்டுக் கட்டு மாதிரி கலைத்து, எண்ணை மடித்து மறைத்து, கேள்வி கேள்வியாகத் திருத்தினார். அஜித்துக்கு நாற்பத்து நான்கு. முன்பு பாஸாகியிருந்த சுபஸ்ரீக்கு முப்பத்தெட்டு. அந்தப் பெண் ஆசிரியர் அறைக்கே வந்து அழுதாள். இன்னொரு உள்தேர்வு இருக்கிறது, நானே உட்கார்த்திச் சொல்லித் தருகிறேன் என்றார் மேடம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். திருப்பிக்கொள்ளாமல் என்ன செய்வாள்?

அஜித் போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை காலை மேடம் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினார். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு குமட்டியது. அதைவிட மோசமாக ஒரு பழைய நினைப்பு வந்து குடைந்தது. அவர் படித்த காலத்தில் விஜயலட்சுமி என்ற பெயர் எப்போதும் வரிசையில் கடைசி. செய்முறைத் தேர்வில் வாய்மொழிக் கேள்விக்கு அவர் முறை வரும்போது சாயந்திரமாகியிருக்கும், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பையை மூடிக்கொண்டிருப்பார். "கடைசிப் பொண்ணா? போம்மா, போட்டுர்றேன்" என்பார். நிறைய போட்டிருந்தார்கள். எல்லாம் தன் படிப்புக்குக் கிடைத்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். அன்றைக்கு அவர்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது, அவ்வளவுதான்.

பஸ் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி அஜித் மரவள்ளி மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். மேடத்தைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

"நீ பாஸுடா" என்றார் மேடம், மூச்சு வாங்க. "நீ எழுதுனது சரி. நான் போட்ட மார்க்குதான் தப்பு." அபிநயா பேப்பருக்கு அடுத்து அவன் பேப்பரைத் திருத்தியதையும் அதனால் நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னார்.

அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்திருந்தார். அவன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எனக்குப் படிப்பு ஏறலன்னு வூட்டுல சொல்லிட்டேன் மேம். அப்பாவும் சரின்னுட்டாரு. நானும் அப்படித்தான் நெனச்சுக்கினு இருந்தேன்."

"திங்கக்கிழமை வந்துரு. வருகை நாள் இன்னும் போகல."

"வர்றேன் மேம்."

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அஜித் இரண்டு எட்டு வைத்து, நின்று, திரும்பி வந்தான்.

"மேம், போன வருசமும் அபிநயாவுக்கு அடுத்து நான்தான? மத்த சப்ஜெக்ட்டுலயும்?"

மேடம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.