கேத்தி இறக்கத்தில் நிற்கும் சைக்கிள்கள்

வாடகை சைக்கிள் பராமரிப்பு என்பது, ஓட்டுகிறவர் காற்று வாங்கப் போக, பார்த்துக்கொள்கிறவன் வயிற்றில் புளியைக் கரைக்கும் தொழில். பச்சைத் தேயிலை விலை படுத்து, நான் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிய பிறகு இதற்கு வந்தேன். ஊட்டியில் ஸ்டாண்டு. செல்போனால் பூட்டைத் திறந்து யாரும் ஓட்டலாம், போன இடத்திலேயே விட்டுவிடலாம். மலையில் புகையைக் குறைக்கும் திட்டம் என்றார்கள். மலைச்சாலையில் பிழைப்பு நடத்துகிறவர்களே, மற்றவர்கள் சிரித்தாலும் நீங்கள் நான் சொல்வதை நம்புவீர்கள்.

புகையில்லாத வண்டி

ஊட்டியிலிருந்து கேத்திக்கு நல்ல இறக்கம். காலையில் எல்லாச் சைக்கிளும் இறங்கிப் போகும். ஒன்றாவது மிதித்து ஏறி வர வேண்டுமே! கீழேயே சாத்திவிட்டு எல்லோரும் பஸ் ஏறிவிடுவார்கள். அதனால் கம்பெனி எங்களுக்கு ஒரு பழைய டீசல் வேனைக் கொடுத்தது. நானும் டிரைவர் பழனிசாமியும் தினமும் போய் சைக்கிள்களை அள்ளிப் போட்டு ஏறுவோம். முதல் கியரில் வேன் முக்கி முனகி விடும் கரும்புகையில், பின்னால் வருகிற ஆளே தெரியாது.

கோவையிலிருந்து வந்த ஒரு தம்பதி கேத்தியில் சைக்கிளை நிறுத்தினார்கள். நாங்கள் வேனைக் கிளப்பியதும் அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, நாங்க மிச்சம் பண்ணுன புகையெல்லாம் இதுல சேத்து வெச்சுத்தான் விடறீங்களா?"

தேயும் கட்டை

அந்தச் சைக்கிள்கள் சமவெளிக்குச் செய்தவை. இந்த இறக்கத்தில் பிரேக் கட்டை சோப்பு மாதிரி கரையும். புதுக் கட்டை கேட்டால், "வரும்" என்பார்கள். தேய்ந்த கட்டைகளும் வெடித்த டயர்களும் ஸ்டாண்டுக்குப் பின்னால் மலையாகக் கிடக்கின்றன. மழை பெய்தால் அதில் பாதி ஓடையில்தான் போகிறது.

எனக்கு இன்னொரு பயமும் உண்டு. என் மனைவி சரோஜா கொழுந்து பறித்த எஸ்டேட்டிலும் ஆளைக் குறைத்துவிட்டார்கள். கேத்தியில் கேரட் கழுவும் வேலைக்கு அவளும் காலையில் இந்தச் சைக்கிளில்தான் இறங்குகிறாள். இருப்பதில் நல்ல பிரேக் உள்ளதாகப் பார்த்து அவளுக்குக் கொடுப்பேன். ஆனாலும் அவள் தலை வளைவில் மறைந்ததும் எனக்கு வேறு வேலை ஓடாது.

ஒருநாள், சைக்கிளை விட்டுவிட்டு நடந்து வந்த காலேஜ் பையனிடம் பிரேக் பிடித்ததா என்று பதறிக் கேட்டேன். காலைத் தூக்கிக் காட்டிச் சொன்னான்: "பிரேக் எங்கீங்க புடிக்குது? என்ற செருப்பை வெச்சுத் தேச்சுத்தான் நிறுத்துனேனுங்க."

கவாத்து இல்லாத தோட்டம்

பறிக்கிற கூலிக்கே இலை விலை கட்டவில்லை என்று வழியிலுள்ள தோட்டத்தைக் கவாத்து வெட்டாமல் போட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய தேயிலை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து காடாகிவிட்டது. உள்ளே காட்டெருமைகள் படுத்திருக்கும். கார் வந்தால் சத்தம் கேட்டு அவை ஒதுங்கிவிடும். சைக்கிளுக்கு ஏது சத்தம்?

ஒருமுறை பிரேக்கைச் சோதிக்க நானே ஓட்டிப் போனேன். வளைவைத் திரும்பினால், எதிரே வேன் அகலத்துக்கு ஒன்று நிற்கிறது. அது ஒரு சீறு சீறியது. நல்ல வேளை, அதுவே திரும்பித் தேயிலைக்குள் போயிற்று. மேட்டில் முட்டைக்கோஸ் மூட்டை கட்டிக்கொண்டிருந்த விவசாயி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மாட்டுக்காகப் பேசினார்: "பூனையாட்டம் வந்து மூஞ்சிக்கு நேரா நின்னா, அதுக்கு மட்டும் பயம் இருக்காதுங்களா?"

பச்சைப் புள்ளி

சைக்கிள் எங்கே இருக்கிறது என்று என் செல்போனில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். ஒரு காலை, சரோஜாவின் புள்ளி ரோட்டை விட்டு விலகித் தேயிலைக்குள் அசையாமல் நின்றது. பழனிசாமி வேனை விரட்டினான். வளைவில் ஒரே பனி. அவள் நம்பருக்குப் போட்டேன். மணி கீழே, தேயிலைக்குள்ளிருந்து கேட்டது.

"அண்ணா, இறங்காதீங்க!" என்று பழனிசாமி கத்தினான். நான் உட்கார்ந்தபடியே சறுக்கினேன். அவள் பெயரைக் கூப்பிட்ட என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. கூடையில் சிக்கியபடி அவள் பை, பைக்குள் செல்போன். அவள் இல்லை. பக்கத்தில் சாணம், இன்னும் ஆவி பறந்தது. புதர் புதராக விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு புதரையும் விலக்கும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் விலக்கினேன்.

கடைசியில் பழனிசாமிதான் என்னை மேலே இழுத்து, கேத்தியில் கேட்டுப் பார்க்கலாம் என்று கூட்டிப் போனான். அங்கே கேரட் கழுவும் மெஷின் அருகே சரோஜா நின்றிருந்தாள். வளைவில் காட்டெருமையைப் பார்த்ததும் சைக்கிளை விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். சைக்கிள் தானாக உருண்டு பள்ளத்தில் விழுந்திருக்கிறது. பின்னால் வந்த கேரட் லாரி அவளை ஏற்றி வந்திருக்கிறது. நேரத்துக்கு வராவிட்டால் அன்றைய வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். நான் எல்லார் முன்னாலும் விசும்பி அழுதேன். அவள் ஈரக் கையால் என் சட்டைச் சேற்றைத் தட்டிவிட்டு, மேஸ்திரி காதில் விழாமல் கேட்டாள்: "சைக்கிளை மேல ஏத்திப்போட்டீங்களா? அது தொலைஞ்சா உங்க வேலையும் போயிருமுங்களே!"

மலைக்காற்றைச் சுத்தம் செய்யும் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, நான் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டதில்லை.