தங்கையைக் கீழே இறக்கிய லிஃப்ட்காரர்

லிஃப்ட்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பகலெல்லாம் அடுக்குமாடிகளில் பாதியில் நின்றுபோன லிஃப்டுகளுக்கு உயிர் கொடுப்பார். வீட்டுக்கு வந்தால் கறுப்புத் திரையும் பச்சை எழுத்துமாக ஒரு கணினி. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. மின்னஞ்சலும், பல ஊர் லிஃப்ட் மெக்கானிக்குகள் கூடிப் பேசும் செய்திக்குழுவும் ஒரே திரையில் வரிவரியாக வந்து நிற்கும். எல்லாமே விசைப்பலகைதான். அவர் மனைவி அதைச் சக்களத்தி என்பார்.

அந்த மென்பொருளைத் தன் இஷ்டத்துக்கு வளைப்பதில் அவருக்கு அலாதிப் பிரியம். அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்றுவார், மூடுவார், திறப்பார், தலையாட்டிக்கொள்வார். கடைசியாகச் செய்தது மதிப்பெண் ஏற்பாடு. இவர் யார் எழுதியதைத் திறந்து படிக்கிறாரோ, எழுதியவருக்கு மதிப்பெண் தானாகக் கூடும். யார் எழுதியதைப் படிக்காமல் அழிக்கிறாரோ, எழுதியவருக்குக் குறையும். கூடியவர் பட்டியலில் மேலே வருவார். ரொம்பக் குறைந்தவர் கண்ணிலேயே படமாட்டார். கதவு ரிப்பேர் பற்றி ஓயாமல் சண்டை பிடித்த ஒரு மெக்கானிக் இப்படித்தான் காணாமல் போனார். லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நான் சொல்லாமலே புரிஞ்சுக்குது என்று பெருமையடித்தார். அப்ப என்னைவிடக் கெட்டிக்காரிதான் என்றார் மனைவி.

அவருக்கு ஒரே தங்கை. வேறு ஊரில் ஓவிய டீச்சர். கணவர் போன பிறகு தனியாக இருந்தார். அண்ணன் வீட்டு மாடி காலியானதும் அங்கே குடிவர ஆசைப்பட்டார். போனில் கேட்டால் அண்ணனால் மறுக்க முடியாது, சங்கடப்படுவார் என்று மின்னஞ்சலில் கேட்டார். கிணற்றில் போட்ட கல்தான். மறுபடி எழுதினார். அதற்கும் பதில் இல்லை. கடைசியில் அண்ணியைக் கூப்பிட்டு, வேறு வீடு பார்த்துவிட்டேன், நாளைக்குச் சரி சொல்லப்போகிறேன், அண்ணனிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்றார்.

அண்ணி கேட்காமல் இருப்பாரா?

"மாடிக்கு வரட்டுமான்னு உங்க தங்கச்சி கேட்டு எழுதினாளாமே. பிடிக்கலைன்னா சொல்லித் தொலைக்கிறது. வாயில என்ன பூட்டா?"

எதுவும் வரவேயில்லை என்று சத்தியம் செய்தார் லிஃப்ட்காரர். மறைந்து கிடப்பதையும் காட்டச் சொல்லி ஒரு விசையைத் தட்டினார். கதவுச் சண்டைக்காரருக்கும் கீழே கிடந்தார் தங்கை.

காரணம் உடனே உறைத்தது. தங்கையின் பெயரைத் திரையில் கண்டாலே அவர் கை போனுக்குப் போய்விடும். பேசத்தானே போகிறோம், படிப்பானேன் என்று அஞ்சலை அழித்துவிடுவார். மணிக்கணக்காகப் பேசியது மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? அழித்ததைத்தான் அது பார்த்தது.

அமைப்புக் கோப்பைத் திறந்தார். தங்கையின் பெயருக்கு எதனாலும் குறையாத உச்ச மதிப்பெண் போட்டார். தோளுக்குப் பின்னாலிருந்து மனைவி, "என் பேர் எங்கே?" என்றார்.

"நீ எனக்கு மெயிலே போட்டதில்லையே."

பிறகு தங்கை எழுதியதையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்தார். எழுத்தில் கேட்டவருக்கு எழுத்தில்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "மாடியைப் பெருக்கி வைக்கிறோம். வா" என்று தட்டி அனுப்பினார். அனுப்பிய கையோடு, பழக்கதோஷம், போனை எடுத்தார்.

"இப்பத்தாண்ணா உன் மெயில் வந்துச்சு," என்றார் தங்கை. "வாழ்க்கையிலே முதல் தடவையா பதில் எழுதியிருக்கே. போனை வை, படிச்சிட்டுக் கூப்பிடறேன்."

இருந்தது இரண்டே வாக்கியம். படித்துவிட்டுக் கூப்பிடத் தங்கைக்கு வெகுநேரம் ஆனது. அதற்குள் அண்ணி துடைப்பத்தோடு மாடியேறியிருந்தார்.