மெஸ்ஸக்காவும் தூங்கும் புழுக்களும்

மெஸ்ஸக்காவிடம் சாப்பிட உட்கார்ந்து 'போதும்' என்று சொல்லித் தப்பியவர் கிடையாது. தட்டைக் கையால் மறைத்தால் விரலிடுக்கு வழியாகவே பரிமாறிவிடுவாள். மெஸ்ஸை மூடிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுப் பட்டுப்புழு வளர்க்க இறங்கிய பிறகும் அந்தக் கை மாறவில்லை. வினையே அதில்தான் வந்தது.

மற்றபடி வேலையில் குறை சொல்ல முடியாது. எறும்பளவு குஞ்சுப் புழுக்களுக்கு மல்பெரிக் கொழுந்தைப் பொடிப்பொடியாக நறுக்கித் தூவுவாள். புழு வளர வளர முற்றிய இலை, பெரிய துண்டு. கடைசிப் பருவத்தில் கிளையோடு வெட்டிப் போடுவாள். ஈர இலை வாசற்படி தாண்டாது. ஆனால் புழு நான்கு முறை தோலுரிக்கும். அந்த நேரத்தில் எதுவும் தின்னாமல், தலையைத் தூக்கியபடி அப்படியே தூங்கும். அதைப் பார்த்தால் மெஸ்ஸக்காவுக்கு, 'இன்னொரு கரண்டி' என்று கேட்பது போலவே தோன்றும். போட்டுவிடுவாள். முந்தி விழித்தவை தின்று கொழுக்கும். தூங்குகிறவை இலைக்கடியில் கிடந்து மெலியும். ஒரே தட்டில் அண்ணன், தம்பி, பேரன் என்று மூன்று அளவு! இரண்டு முறை அப்படித்தான் போயிற்று.

குஞ்சுப் புழு கொடுக்கும் பெண்ணைப் 'புழு டாக்டர்' என்பார்கள். அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, இந்தத் தடவையும் ஒண்ணுபோல வளரலைன்னா இனிமே உங்களுக்குப் புழு கிடையாது. எல்லாம் முழிச்ச அப்புறம்தான் இலை."

ஷெட்டில்லாத வாழ்க்கையை மெஸ்ஸக்காவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நாலாவது தோலுரிப்பு தொடங்கியதும் சாவியைக் கணவரிடம் நீட்டினாள்.

"நான் கெஞ்சினாலும் குடுக்காதீங்க."

லாரி ஓட்டி ஓய்ந்த அந்த மனிதருக்கு, அதிகாரம் கைக்கு வந்த பெருமையில் தலைகால் புரியவில்லை. "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சும்மா" என்று அன்றைக்கு மட்டும் நாலு முறை சொன்னார்.

மறுநாள் அவள் கைநமைச்சலுக்குப் பக்கத்து வீடுகள்தான் வயிறார வாங்கிக்கட்டிக்கொண்டன. மத்தியானம் காலிப் பாத்திரத்தோடு திரும்பியவள், ஷெட் கதவு திறந்திருப்பதைப் பார்த்து ஓடினாள். உள்ளே கணவர், இரண்டு கை நிறைய இலையோடு! கையும் களவுமாக மாட்டினார்.

"ஏங்க!"

"பாவம்மா... ஒரு இருநூறு முழிச்சிடுச்சு. என்னையே பாக்குதுங்க."

"ஊருக்குத்தான் உபதேசமா? மீதியெல்லாம் தூங்குது. அதைப் போட்டீங்க, உங்களுக்குச் சாப்பாடு கிடையாது!"

இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை. இலையைக் கீழே வைத்துவிட்டார். சொன்னவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒருவரை ஒருவர் நம்பாமல் இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு வாசலிலேயே உட்கார்ந்தார்கள். விழித்த புழுக்கள் இலை தேடி அலைந்தபோதெல்லாம் மெஸ்ஸக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொழுது சாயும் நேரத்தில் கடைசித் தட்டும் விழித்தது. அப்புறம் போட்டாள் பாருங்கள், கிளை கிளையாக!

எட்டாம் நாள் எல்லாப் புழுவும் ஒன்றாகக் கூடு கட்டத் தயாராயின. புழு டாக்டர் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தாள்.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கே! அப்படி என்னக்கா போட்டீங்க?"

"பட்டினி போட்டேன்மா" என்றாள் மெஸ்ஸக்கா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அழாதீங்கக்கா. அடுத்த புழுவுக்குத் தட்டைக் கழுவி வைங்க."