ஆறாவது பாலமும் ஒன்பதாவது பாலமும்

"கீற பாலத்த இன்னொரு தபா கட்டப் போறியா? இதுக்குத்தான் காலேஜுல போய்ப் படிச்சியா, பாப்பா?"

கேட்டது என் மாமா. அம்மாவின் தம்பி. திருக்கழுக்குன்றத்துக் கிணறுகளில் தண்ணீர் பிடித்து மாமல்லபுரத்து ஓட்டல்களுக்குக் கொண்டுபோகும் லாரி அவருடையது. அதாவது, ஓட்டுவது அவர். இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. நான் கல்லூரியை முடித்துவிட்டு, செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அதை நானாகப் போய் யாரிடமும் சொன்னதில்லை. யாராவது கேட்டால் மட்டும், கொஞ்சம் நீட்டியே சொல்வேன்.

சென்டரில் கூட்டம் இல்லாத மதியங்களில்தான் அந்த வரைபடத்தைக் கண்டுபிடித்தேன். இணையத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் தெரிந்ததைச் சேர்க்கலாம். எங்கள் ஊரைத் தேடினேன். மலை இருந்தது, கோயில் இருந்தது. ஊரிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் எங்கள் கிளைச் சாலை வெறும் கோடாக இருந்தது. அதில் ஒரு பாலம்கூட இல்லை. ஏரி வாய்க்கால்கள் எல்லாம் தார்ச்சாலையின் மேலேயே ஓடுவதுபோல் தெரிந்தன.

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பாலங்களில் பாதிக்கு மேல் என் அம்மா வெள்ளையடித்தவை.

தொண்ணூறுகளில் அம்மா சாலை வேலைக்குத் தினக்கூலியாகப் போய்க்கொண்டிருந்தாள். ஜல்லி பரப்புவது, தார் டின்னைத் தூக்குவது, புதர் வெட்டுவது எல்லாம் உண்டு. கோடையில் மட்டும் பாலங்களின் கைப்பிடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலை வரும். எனக்குப் பள்ளி விடுமுறை என்பதால் கூடவே போவேன். சுண்ணாம்பு காய்ந்ததும், எண் வெட்டிய தகரத் தகட்டைச் சுவரில் வைத்துக் கறுப்புப் பெயிண்டைத் துணியால் ஒற்ற வேண்டும். 12/4 என்றால் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் நாலாவது பாலம். எந்தப் பாலத்துக்கு எந்த எண் என்று மேஸ்திரி காலையிலேயே வாயால் சொல்லிவிட்டு சைக்கிளில் போய்விடுவார். அம்மாவுக்கு எண்ணைப் படிக்கத் தெரியாது. தகடுகள் இருந்த அரிசிப் பையை என் மடியில் வைத்துவிடுவாள்.

"நாலு எடு" என்பாள். எடுத்துக் கொடுப்பேன். ஒற்றி முடித்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து பார்ப்பாள். "இன்னான்னு எழுதிகீது, படி" என்பாள். நான் உரக்கப் படிப்பேன். நான் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. நான் முதன்முதலில் ஒருவருக்குப் படித்துக் காட்டியது ஏதாவது கதையோ கடிதமோ இல்லை, பாலத்து எண்கள்தான். தார் வாசனையும் சுண்ணாம்பின் காரமும் தூக்குச் சட்டியில் இருந்த கூழும் சேர்ந்த அந்த மதியங்கள் இப்போதும் என் மூக்கில் இருக்கின்றன.

அதனால்தான், சர்க்கார் தன் பாலங்களின் பட்டியலை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எண், நீளம், அகலம், அடியில் தண்ணீர் போக எத்தனை கண், கனரக வாகனம் போகலாமா என்பதெல்லாம் அதில் இருந்தது. வரைபடத்தில் சேர்க்கலாமா என்று கேட்டு நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பொதுமக்களுக்காகத்தான் வெளியிட்டிருக்கிறோம், பயன்படுத்தலாம் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. ஆனால் பாலம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது பட்டியலில் இல்லை. எண் மட்டும்தான். இடம் தெரிய வேண்டுமானால் சுவரில் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும்.

சென்னையில் இந்த வரைபடத்துக்கு வேலை செய்யும் ஒருவர், கைக்குள் அடங்கும் ஜி.பி.எஸ் கருவி ஒன்றைக் கூரியரில் இரவல் அனுப்பினார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். சுவர் தெரிந்ததும் கருவியில் பொத்தானை அமுக்கி நோட்டில் எண்ணை எழுதினேன். பன்னிரண்டாவது கிலோமீட்டர் முழுக்க ஏரிப் பாசனம். வாய்க்காலுக்கு ஒன்றாக ஒன்பது பாலங்கள். அங்கே வரிசை கொஞ்சம் இடறியது. ஐந்துக்கு அடுத்து ஒன்பது, பிறகு ஏழு, எட்டு, கடைசியில் ஆறு. கட்டிய வரிசையில் எண் கொடுத்திருப்பார்கள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு பக்கம் சர்க்கார் பட்டியல், இன்னொரு பக்கம் அம்மாவின் கை. இரண்டில் எதைச் சந்தேகப்படுவது?

எல்லாவற்றையும் ஏற்றி முடித்து அச்செடுத்தேன். கேலி செய்த மாமாவே அதில் மூன்று பிரதிகளை வாங்கிப்போய்த் தன் லாரி ஷெட்டில் கொடுத்தார். பெரிய சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் எல்லா லாரிகளும் எங்கள் கிளைச் சாலை வழியாக விடப்பட இருந்தன. வெளியூரிலிருந்து இரண்டு டிரைவர்கள் புதிதாக வந்திருந்தார்கள். "எங்கக்கா பொண்ணு போட்ட படம்" என்று சொல்லித்தான் கொடுத்தாராம்.

அன்று மாலையே திரும்பி வந்தார். கையில் ஒரு பிரதி.

"பாப்பா, செங்கச் சூளைக்கிட்ட கீற பாலத்துக்கு இன்னா போட்டுகீற?"

"பன்னெண்டு பை ஆறு. மூணு கண், பெரிய பாலம். லோடு வண்டி தாராளமா போலாம்."

"அங்க ஒத்தக் கொழாதான் கீது. நான் லோடோட அதும்மேல ஏறினதே இல்ல. சூளைக்கு முன்னாடியே கீழ எறங்கி, கரையோரமா சுத்திகினுதான் ஏறுவேன்."

"சர்க்கார் லிஸ்ட் மாமா அது."

"அப்ப சர்க்கார வந்து அதும்மேல லாரி ஓட்டச் சொல்லு. பசங்க காலையில அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கறானுங்கோ."

வெளிச்சம் இருக்கும்போதே மாமாவின் மொபெட்டில் போனோம். சூளைப் பாலத்தில் இறங்கி, காரைமுள் புதரை விலக்கிக் கீழே பார்த்தேன். ஒரே ஒரு சிமெண்டுக் குழாய். அதன் விளிம்பு உடைந்து கம்பி தெரிந்தது. மேலே சுவரில் 12/6. திரும்பி வரும் வழியில், ஏரி நிரம்பினால் வழியும் கலங்கல் ஓடைப் பாலத்தில் இறங்கினேன். மூன்று கண், நான் நிமிர்ந்து நிற்கும் உயரம். சுவரில் 12/9. பட்டியல் சரி. எண்கள்தான் இடம் மாறியிருந்தன. நான் பஸ் ஜன்னலிலிருந்து சுவரைப் பார்த்தேனே தவிர ஒரு பாலத்தின் அடியிலும் குனிந்து பார்க்கவில்லை.

நேராக ஷெட்டுக்குப் போய் மிச்சம் இரண்டு பிரதிகளையும் கேட்டு வாங்கினேன். "இன்னாம்மா, குட்த்துட்டு புடுங்கற?" என்றார் புது டிரைவர். "தப்பு போட்டுட்டேண்ணா" என்றேன். அந்தச் சொல்லை அவ்வளவு பேர் நடுவில் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. மாமா குறுக்கே வந்து, "நாளைக்கு என் வண்டி பின்னாலயே வா, நைனா. பொண்ணு படத்த அப்பால தரும்" என்றார்.

வீட்டில் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளிடம் எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். கேட்டதும் அவள் சிரித்தாள்.

"ஆறுக்கும் ஒம்போதுக்கும் ஒரே தகடுதான்டி. ஒண்ணு தொலஞ்சிபோச்சின்னு மேஸ்திரி இதையே திருப்பி வெச்சிக்கோன்னாரு. எந்தப் பக்கம் மேலன்னு நான் யாரக் கேட்டேன்?"

நோட்டில் நான் எழுதியிருந்த ஆறைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன்.

"உன்னத்தான கேட்டேன். கொம்பு கீழ வரணும்மா, ஆறுக்குன்னு சொன்ன. நான்கூட, இப்டியாடின்னு கேட்டேன். நான் படிச்சிகீறேன்னு கத்தின."

மாமா வாசலில் மொபெட்டைச் சாய்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பாலத்த அப்பவே மாத்திக் கட்டிட்டியா நீ!"

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொரு கோடையிலும் பழைய தடத்தின் மேலேயே ஒற்றியிருக்கிறார்கள். என் ஒன்றாம் வகுப்புப் படிப்பு அந்தச் சுவர்களில் அத்தனை வருஷம் கறுப்பாக நின்றிருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அம்மா சந்தேகப்பட்டும் என் பேச்சைக் கேட்டாளே என்பதுதான் மனதைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் சென்டரைத் திறந்ததும் வரைபடத்தில் இரண்டையும் மாற்றினேன். குறிப்புப் பகுதியில், சுவரில் உள்ள எண்கள் மாறியிருக்கின்றன, நேரில் இறங்கிப் பார்த்தது என்று எழுதினேன். மதியம் அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர் படித்துவிட்டு, "பெயிண்ட் அடிச்சது யாருன்னு தெரியுமா?" என்றார்.

"தகடு எடுத்துக் குடுத்தது நான்தான் சார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இன்னும் வரைபடத்தில் ஏற்றாத புதுப்பட்டினம் சாலையில் முதல் பாலத்திலேயே பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். இரண்டு கண். குறுக்கே கையை விரித்து அகலம் பார்த்து நோட்டில் எழுதினேன். எழுதி முடித்த பிறகே மேலே ஏறி, சுவரில் என்ன எண் என்று பார்த்தேன்.