கனகராயன்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு: விடியக் குடிக்க வேண்டிய கசாயம்

பள்ளிக்கூடக் கையெழுத்துச் சஞ்சிகைக்குப் பயணக் கட்டுரை ஒன்று கேட்டிருந்தார்கள். முல்லைத்தீவில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரிடம் போக இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதத் தொடங்கினேன். இப்போது வீட்டுக்குள் எல்லோரும் படுத்தபின், விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆசிரியையிடம் கொடுப்பேனோ தெரியாது.

போனது இந்தத் தை மாதம், இரண்டாம் சனிக்கிழமை. நானும் என் தகப்பனாரும். அவரை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். கதிர் முற்றும் காலத்தில் எங்கள் வயல்வெளியில் ஆண்கள் முறைவைத்துப் பன்றிக்காவல் இருப்பார்கள். ஒருவர் முறையில் எல்லோருடைய வயலும் அவர் பொறுப்பு. இரவு முழுதும் விழித்திருக்கும் ஐயாவுக்குப் பகலில் நித்திரை வராமல் போனதால், மார்கழியில் பரியாரியார் அமுக்கிராக்கிழங்கும் சாதிக்காயும் கட்டிக்கொடுத்து, குடிக்கும் நேரத்தை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதியும் கொடுத்திருந்தார். ஐயாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்தேன்.

"விடியக் காவலால் வந்தவுடன் குடிக்கவும்" என்று இருந்தது. எட்டுச் சுண்டு தண்ணீரை ஒரு சுண்டாக வற்றக் காய்ச்ச இரண்டு மணித்தியாலம் வேண்டும். அம்மா விடிய மாட்டுடன் நிற்பார். அப்படியென்றால் நான் நாலு மணிக்கு எழும்ப வேண்டும். "பொழுதுபடக் குடிக்கட்டாம், ஐயா" என்று சொல்லிவிட்டேன். நான் பின்னேரம் காய்ச்சிக் கொடுக்க, அவர் காவலுக்குப் போகுமுன் குடித்தார். ஐந்தாம் நாள் காவல் கொட்டிலிலேயே நித்திரையாகிப் போனார். பன்றிகள் பக்கத்து வயல்காரரின் அரை ஏக்கரை உழக்கிவிட்டன.

காலை ஆறேகாலுக்குச் சந்தியில் பஸ். மாங்குளத்துக்கு எட்டு மைல், ஆளுக்கு நாற்பது சதம். பஸ்களை அரசாங்கம் எடுத்து மூன்று வருடமாகியும் கதிரைகள் பழையவைதான். அந்தப் பக்கத்து வயல்காரரும் ஏறியிருந்தார்.

"கண்டக்டர் தம்பி, உவரை மாங்குளத்திலை தட்டி எழுப்பிவிடும். இல்லாட்டிப் பன்றி ஏறி இருந்திடும்!"

பஸ்ஸே சிரித்தது. ஐயாவும் சிரித்தார். "உடம்பு ஏலாமப் போச்சு, அண்ணை" என்றார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாங்குளத்தில் ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். அங்கே தேத்தண்ணீர் நன்று. முல்லைத்தீவுக்கு முப்பது மைல், ஒரு ரூபா முப்பது சதம். ஒட்டுசுட்டான் தாண்டியபின் காடுதான். அங்கே வைத்துத்தான் ஐயா என்னிடம் பத்திரமாக வைக்கத் தந்த துண்டைக் கிழித்து வெளியே விட்டேன்.

பரியாரியார் வீடு பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைப் பக்கமாக அரை மைல். அவர் நாடி பார்த்துவிட்டுத் துண்டைக் கேட்டார். துலைந்துவிட்டது என்றேன்.

"துண்டு இல்லாட்டிலும் காரியமில்லை. காவல்காரருக்கு நான் விடியத்தான் குடுக்கிறது. இந்த மருந்து உடம்புக்கு இதுதான் இரவு எண்டு சொல்லிக் குடுக்கும். அந்தியிலை குடிச்சா உடம்பு அதைத்தான் நம்பும். எப்ப குடிச்சனீர்?"

ஐயா என்னைப் பார்த்தார். பிறகு அவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான்தான் மாறி விளங்கியிட்டன், பரியாரியார்."

"நல்ல ஆள்தான் நீர்! வீட்டிலை படிச்ச பிள்ளை இருக்க, அதைக் கேட்டிருக்கலாமே?"

"ஓம். கேட்டிருக்கலாம்."

திரும்பி வரும்போது எனக்கு வடை வாங்கித் தந்தார். மாங்குளத்தில் மட்டும் சொன்னார்: "இனி விடியக் காய்ச்சுவம், பிள்ளை. நான் வந்து காய்ச்சிறன். நீ படு."

ஆனால் காய்ச்சத் தேவை வரவில்லை. காவல் முறையிலிருந்து ஐயாவை வயல்காரர்கள் நிற்பாட்டி வைத்திருக்கிறார்கள். அவர் உடம்புக்கு அது இன்னும் தெரியாது. இப்போதும் ரோச் லைற்றுடன் வாசல் படலையடியில் வயல்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வெளிச்சம் தெரிந்தால் வந்துவிடுவார் என்று பயந்து பயந்து எழுதுகிறேன்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை போங்கள், கூட்டம் குறைவு. கடைசி பஸ் மூன்றரைக்கு. என்ன மருந்து என்பதைப் போல, எந்த நேரம் என்பதையும் குடிக்கிறவரே பரியாரியாரிடம் வாயால் கேட்டுக்கொள்ளட்டும். வாசிக்கத் தெரிந்த பிள்ளையை நம்ப வேண்டாம்.

நாளைக் காலை ஏழு மணிக்குக் குளக்கட்டில் வயல்காரர் எல்லோரும் கூடி, காவல் முறைப் பட்டியலிலிருந்து ஐயாவின் பெயரை வெட்டப் போகிறார்கள். இந்தக் கொப்பியைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வாசிக்க வேண்டும். எங்கள் படலையிலிருந்து குளக்கட்டுக்குக் கால் மைல்தான். முல்லைத்தீவு இவ்வளவு தூரமாக இருக்கவில்லை.