நாகமுத்து எழுதிக் கொடுத்த வளவு

நாகமுத்துவின் மகன் கோணாமலை தோணி கவிழ்ந்து இறந்தபோது அவனுக்குப் பத்து வயது நிரம்பியிருக்கவில்லை. பனிச்சங்கேணி வாவியின் மேற்குக் கரையிலிருந்த அவர்களுடைய ஊரில் அப்போது பள்ளிக்கூடம் இல்லை. படிக்கிற பிள்ளைகள் தோணியேறி எதிர்க்கரைக்குப் போய்வர வேண்டும். 1931ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில், நீர் கடலை நோக்கி இழுத்த ஒரு காலையில், தோணி புரண்டது. மற்றப் பிள்ளைகள் அதன் விளிம்பைப் பிடித்துத் தப்பினார்கள். கோணாமலையை மறுநாள் கரையோரச் சதுப்பில் கண்ணாப் பற்றைக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து ஒரு பிள்ளையும் படிக்கப் போகவில்லை. பெடியன்கள் தகப்பன்மாரோடு வலை இழுத்தார்கள். பெட்டைகள் காடு வெட்டிப் பயிரிட்ட சேனையில் நின்று கிளி கலைத்தார்கள். படிப்பு ஆசைதான் பிள்ளையைக் கொன்றது என்றது ஊர். நாகமுத்து அப்படி நினைக்கவில்லை. பள்ளிக்கூடம் இந்தக் கரையில் இருந்திருந்தால் பிள்ளை ஏன் தோணியேறப் போகிறான் என்று கேட்டாள். கருவாடு வாங்க வருகிறவர்களிடமும் கேட்டாள், கோயிலுக்கு வருகிற ஐயரிடமும் கேட்டாள். புருஷன் வேலப்போடி மகனைப் பற்றிய பேச்சே எடுக்காத மனிதன். அவள் பேசத் தொடங்கினால் எழுந்து தோணியடிக்குப் போய்விடுவான்.

மட்டக்களப்புப் பட்டினத்தில் மாசிலாமணியார் தர்ம நிதி என்று ஒன்று இருந்தது. பிள்ளையில்லாத ஒரு வியாபாரி தன் தென்னந்தோட்டங்களை எழுதிவைத்துவிட்டுப் போனது. பள்ளிக்கூடங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் அந்த வருமானத்தைப் பகிர்ந்து கொடுக்க ஒரு சபை இருந்தது. சபையின் செயலாளர், நீதிமன்றத்தில் வழக்காடும் பிரக்கிராசி வினாயகமூர்த்தி. அவன் வேறு யாருமல்ல, நாகமுத்துவின் சின்னம்மா மகன். தாய் செத்தபின் நாகமுத்துவின் தாயிடம் வளர்ந்தவன். பட்டினத்துக்குப் படிக்கப் போகும்வரை அவனுக்கு அந்த வீட்டில்தான் சோறு, அந்தக் கிணற்றில்தான் குளிப்பு.

நாகமுத்து சொல்லியனுப்பினாள். அவன் வந்தான். சபைக்காரர் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நண்டுக் கறியோடு சாப்பிட்டுவிட்டு, கோணாமலையின் கதையைக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, நிதியில காசு கிடக்கு. குடுக்கவும் ஏலும். ஆனா கட்டடம் கட்டுறதெண்டா காணி நிதிட பேரில இருக்கோணும். அது சபைட சட்டம்."

"எந்தக் காணி தம்பி?"

"உங்கட கிணத்தடி வளவு நல்லா வாய்க்கும். நல்ல தண்ணியும் கிடக்கு, பிள்ளைகள் குடிக்க."

அந்தப் பகுதியில் வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கிணற்றடி வளவு மகள் புஸ்பத்தின் சீதனம் என்று எல்லோருக்கும் தெரியும். ஊரில் உவர்ப்பில்லாத தண்ணீர் சுரந்தது அந்த ஒரு கிணற்றில்தான். யார் வந்து அள்ளினாலும் நாகமுத்துவின் தாய் தடுத்ததில்லை, நாகமுத்துவும் தடுத்ததில்லை.

அன்று வேலப்போடி தோணியடிக்குப் போகவில்லை.

"காணி உன்ட. உன்ட தாய் தந்தது. நான் ஒண்டும் சொல்ல ஏலா. ஆனா புஸ்பத்துக்கு மறுகா என்னத்தைக் குடுப்பாய்?"

அடுப்படியில் நின்ற புஸ்பம்தான் பேசினாள். "குடுங்க அம்மா. தம்பிட பேரை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வைக்கச் சொல்லுங்க. எனக்கு அது காணும்."

"வைப்பம்கா, வைக்காம?" என்றான் வினாயகமூர்த்தி. "நான் இருக்கிறன்தானே."

பட்டினத்தில், பத்திரம் எழுதும் நொத்தாரிசு காணி உறுதியை வாசித்துக் காட்டினார். பெருவிரலில் மை பூசும்போது நாகமுத்து தம்பியைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடம் எண்டு இதில எழுதியிருக்கா தம்பி?"

அவன் சிரித்தான். "தர்மத்துக்கு எண்டு எழுதியிருக்கு அக்கா. அதுக்குள்ள எல்லாம் அடங்கும். ஏன், என்னில நம்பிக்கையில்லையா?"

வளர்த்த பிள்ளையிடம் அப்படிக் கேட்டுவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. விரலை அழுத்திவிட்டு வந்தாள்.

ஊருக்கு அந்த வருஷம் ஒரு வேகம் பிடித்தது. படிப்பே வேண்டாம் என்றவர்கள்கூடக் காட்டுக்குப் போய்ப் பாலை மரமும் கம்பும் வெட்டி வந்து வளவில் அடுக்கினார்கள். பெண்கள் தென்னோலையில் கிடுகு பின்னினார்கள். நிதியின் தலைவர் வந்து தேங்காய் உடைத்து முதல் கால் நட்டார். ஓடும் கொத்தனும் வாத்தியாரும் அடுத்த மாதமே வருவார்கள் என்று வினாயகமூர்த்தி எல்லோர் முன்னிலையிலும் சொன்னான்.

ஒருவரும் வரவில்லை. மழை வந்தது, போனது. கிடுகு உக்கியது. நாகமுத்து ஆள் அனுப்பினால், சபை இன்னும் கூடவில்லை என்று பதில் வரும். அடுத்த மழையும் போயிற்று.

உண்மையைக் கொண்டுவந்தவர் ஓட்டமாவடி மீராசாஹிப். அவளுடைய தகப்பன் காலத்திலிருந்தே அந்த ஊரில் கருவாடு கொள்வனவு செய்கிறவர். வந்தவர் சாக்கை இறக்காமல் நின்றார்.

"தங்கச்சி, உன்ட கிணத்தடி வளவைக் குத்தகைக்கு எடுக்கச் சொல்லி நிதிக்காரங்க என்னட்டக் கேட்டாங்க. மீன் காயப்போடுற வாடி ஒண்டு கட்ட நல்ல இடமாம். பள்ளிக்கூடத்துக்குக் குடுத்த காணியெல்லோ எண்டு கேட்டன். அதுக்கு வச்சிருந்த காசைப் பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஒண்டுக்கு, பெரிய மண்டபம் கட்டக் குடுத்தாச்சாம். நான் மாட்டன் எண்டுட்டன். ஆனா வேற ஆரும் எடுப்பானுகள். அல்லா அறிய, உனக்குச் சொல்லாம போக எனக்கு மனம் வரல்ல."

"தம்பிக்கு இது தெரியாதாக்கும்," என்றாள் நாகமுத்து.

மீராசாஹிப் தலையைக் குனிந்துகொண்டார். "அவர்தான் தங்கச்சி என்னட்ட வந்து கேட்டது."

அடுத்த கிழமையே பட்டினத்து முதலாளி ஒருவரின் ஆட்கள் வந்து வளவைச் சுற்றி வேலி அடைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கென்று ஊரார் வெட்டிய கம்புகளில் மீன் காயப்போடப் பரண் கட்டினார்கள். கிணறு வேலிக்குள் போயிற்று. குடத்தோடு வந்த பெண்களைக் காவல்காரன் திருப்பியனுப்பினான். திரும்பிய பெண்கள் நேரே நாகமுத்துவின் வாசலுக்கு வந்தார்கள்.

"உன்ட துக்கத்துக்கு எங்கட தண்ணியையும் எழுதிக் குடுத்திட்டியே," என்றாள் பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை. "தம்பியும் தமக்கையும் சேர்ந்து ஊரை ஏய்ச்சுப்போட்டீங்க."

கோணாமலையின் உடலைக் கழுவியபோது கூட நின்றவள் ஆச்சிப்பிள்ளை. அவள் வாயிலிருந்து அது வந்ததைத்தான் நாகமுத்துவால் தாங்க முடியவில்லை.

மண்டபம் திறக்கிற நாளில் புருஷனையும் கூட்டிக்கொண்டு அவள் பட்டினத்துக்குப் போனாள். வாசல் முகப்பில் மாசிலாமணியார் பெயர். உள்ளே சந்தனமும் பன்னீரும். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இனி முகாமையாளர் வினாயகமூர்த்தி என்று மேடையில் ஒருவர் அறிவிக்க, எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் கலைந்ததும் அவன் அவளைக் கண்டு ஒரு பக்கமாக அழைத்துப் போனான்.

"அக்கா, கோவிக்காதீங்க. இஞ்ச முன்னூறு பிள்ளை படிக்குது. உங்கட ஊரில இருபதோ முப்பதோ. பிள்ளை கூடின இடத்துக்குத்தான் சபை குடுக்கும்."

"என்னட்டக் காணி கேக்கக்குள்ள அந்தக் கணக்கு உனக்குத் தெரியாதோ?"

"நான் ஒருத்தன் என்ன செய்யிற? சபைட முடிவு."

"சபையில நீ என்ன சொன்னாய்? அதைச் சொல்லு."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "சத்தம் போடாதீங்க அக்கா. பெரிய ஆக்கள் நிக்காங்க. வாங்க, சாப்பிட்டுப் போகலாம்."

"கிணத்தையாவது திறந்து விடச் சொல்லு தம்பி. சனம் தண்ணி இல்லாம நிக்குது."

"சபையில கேக்கிறன்," என்றான்.

கிணறு திறக்கவில்லை. புஸ்பத்துக்குப் பேசிவைத்திருந்த இடம் வளவில்லாத பெண் வேண்டாம் என்று விலகிக்கொண்டது. கடைசியில் வாகரைப் பக்கத்துச் சேனைக்காரன் ஒருவன், நல்ல மனிதன், நாகமுத்துவின் வீட்டுப் பின்கோடியில் போட்ட கொட்டிலே போதுமென்று அவளைக் கட்டினான். ஆச்சிப்பிள்ளை கல்யாணத்துக்கு வரவில்லை. வேலப்போடி மட்டும் ஒருநாளும் குத்திக்காட்டவில்லை. தூரத்துக் கேணியிலிருந்து தண்ணீர்க் காவடியைத் தோளில் சுமந்து வந்து வைப்பான், போவான். அவன் ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும் என்று நாகமுத்து பிறகு மகளிடம் சொன்னாள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் அரசாங்கமே அந்த ஊரில் பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்தது. இடம் காட்டோரத்தில் அரசாங்கத்துக்குச் சொந்தமான முடிக்குரிய காணி. திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று ஊர் யோசித்தபோது, பட்டினத்தில் பெயரெடுத்த நம்மூர்ப் பிள்ளை என்று வினாயகமூர்த்தியைத்தான் கூப்பிட்டார்கள். ஆச்சிப்பிள்ளையின் மகன் மாலை போட்டான். கல்விக்கு இந்த ஊர் செய்த தியாகத்தைப் பற்றி வினாயகமூர்த்தி நெடுநேரம் பேசியதாகக் கேள்வி. நாகமுத்து போகவில்லை. பேத்திக்குத் தலைசீவி அனுப்பிவிட்டு, முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்து அவன் வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தான். தலை நரைத்திருந்தது.

"அக்கா, எப்படியோ பள்ளிக்கூடம் வந்துட்டுதானே."

நாகமுத்து நிமிர்ந்து பார்த்தாள். "ஓம் ஐயா. வந்துட்டு. பிள்ளைகள் போகுதுகள்."

"என்ன அக்கா இது, என்னை ஐயா எண்டுறீங்க?"

"வேற என்னெண்டு சொல்லுற? பட்டினத்துப் பெரிய மனிசர் நீங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்குள் அடுத்த மீனை எடுத்துச் செதில் சுரண்டத் தொடங்கியிருந்தாள். அவன் படலையைச் சாத்திக்கொண்டு போனான்.