வெயிலில் பிணமாகக் கிடந்தவர்

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். நடிப்பில் ஆசை கிடையாது, ஆசையெல்லாம் தூக்கத்தில்தான். மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோனால், உதிரிப்பாகம் வந்து சேரும்வரை அதற்குள்ளேயே காலை நீட்டிவிடுவார். அந்தத் திறமையைக் கண்டுபிடித்தவர் மனைவியின் அண்ணன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கோடை விடுமுறை வந்தால் பூங்காவில் ராஜா. சொந்தமாக நாடகக் குழு வைத்திருந்தார்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு வசனமே கிடையாது. முதல் காட்சியில செத்துடுவீங்க. அப்புறம் சும்மா படுத்திருந்தா போதும்."

"வீட்டுலயும் அதத்தான் பண்றாரு," என்றாள் மனைவி. "கூட்டிட்டுப் போண்ணா."

ராஜாவின் தம்பியாகக் கத்திக்குத்து வாங்கி விழ வேண்டும். அண்ணன் பக்கத்தில் நின்று புலம்புவார். ஒத்திகை வாத்தியார் வீட்டு மாடி அறையில், மின்விசிறிக்குக் கீழே நடந்தது. அவர் செத்த அழகை எல்லோரும் பாராட்டினார்கள்.

பூங்காவில் கதை வேறு. ஆட்டம் மதியம் மூன்று மணிக்கு. காலையிலிருந்து காய்ந்த மேடைப் பலகை அடுப்பில் வைத்த வாணலிபோலக் கொதித்தது. முதல் நாள் செத்து விழுந்தவர், விழுந்த வேகத்தில் எழுந்து, கொஞ்சம் தள்ளி நிழல் பட்ட இடத்தில் மறுபடி செத்தார். அடுத்த ஆட்டத்தில் சட்டைக்குள் ஈரத்துண்டைச் செருகிக்கொண்டார். அதற்கடுத்து எறும்புகள். ரத்தத்தைச் சர்க்கரைப் பாகில் காய்ச்சியிருந்தார்கள். நெஞ்சுக் காயத்தை நோக்கி ஊர்வலம் கிளம்பியது. பிணம் சொறிந்துகொள்ள முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

"செத்த முகத்துல என்ன ஒரு வேதனை பாருங்க," என்று முன்வரிசையில் ஒருவர் நெகிழ்ந்தார்.

ஆனாலும் ராஜாவோடு ஒப்பிட்டால் இவர் பாடு தேவலை. மச்சானுக்கு வெல்வெட் அங்கி, தகரக் கிரீடம், பசைபோட்டு ஒட்டிய தாடி.

"அங்கியயாவது கழட்டுங்க மச்சான்."

"ராஜா பனியனோட நின்னு அழுவானா மாப்பிள்ளை?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலைகூட அசையவில்லை. "தம்பி, என் வலக்கை போயிற்றே" என்று மச்சான் புலம்ப ஆரம்பித்தார். திரும்பவும் அதே வரி. பிறகு, "தம்பி, என் இடக்கை…" பிணம் ஒரு கண்ணை லேசாகத் திறந்தது. மச்சானின் முகம் சிவந்து, வேர்வை வற்றி, தாடி ஒரு காதோரம் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. கால்கள் மடங்கின.

பிணம் துள்ளி எழுந்து ராஜாவைத் தாங்கிப் பிடித்தது. கூட்டம் எட்டிப் பார்த்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அண்ணா, நான் இன்னும் சாகல. வா, நிழலுக்குப் போலாம்."

தோளில் தூக்கிக்கொண்டு அவர் திரைக்குப் பின்னால் ஓட, முன்னால் கைதட்டல் ஓயவில்லை.

கூட்டத்திலிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்தாள். மரத்தடியில் அங்கியை உருவி, வாளித் தண்ணீரை ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்தார்கள். மனைவி அட்டையால் வீசினாள். அடிக்கடி நிறுத்தி அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகாது, வீசு," என்றார். இந்த மனுஷன் இல்லாமல் தன்னை யார் இப்படி இம்சை பண்ணுவார்கள் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது.

மச்சான் மெல்லக் கண் திறந்தார். "புலம்பல முடிச்சேனா?"

"நீங்கதான் முடியப் பாத்தீங்க, மச்சான்."

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. பிணம் எழும் காட்சியையே வைத்துக்கொள்ளலாம் என்று குழுவினர் கெஞ்சியும் மச்சான் மசியவில்லை. "செத்தவன் எந்திரிச்சுட்டா நான் எதுக்கு அழணும்?" ஆட்டத்தை மட்டும் வெயில் தாழ்ந்தபின் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார், அங்கியும் பருத்திக்கு மாறியது.

உடம்புக்கு இதமாக இருக்கவே, புலம்பல் இரண்டு மடங்கு நீண்டது. கூடவே கொசுக்களும் வந்து சேர்ந்தன.

"சீக்கிரம் மச்சான், கடிக்குது," என்று பிணம் உதடு அசையாமல் முணுமுணுக்கும். ராஜா காதில் விழாததுபோல் குரலை உயர்த்தி அடுத்த வரிக்குப் போவார்.